பிடரியில் பதினைந்து இலக்கம்: பூனைக்குட்டிக்கு மைக்ரோசிப் பாதுகாப்பானதா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் செம்மறிகள் மேய்வதைப் பார்க்கலாம். நாலைந்து வீட்டு ஆடுகள் ஒன்றாகக் கலந்து நின்றாலும் கீதாரி குழம்ப மாட்டார். ஒரு வீட்டு ஆட்டுக்குக் காதின் ஓரத்தில் வெட்டு, இன்னொரு வீட்டு ஆட்டுக்கு முதுகில் சாயம். மாட்டுக்குத் தொடையில் சூடு போட்ட காலம் போய், இப்போது காதில் மஞ்சள் வில்லை தொங்குகிறது. அதில் உள்ள 12 இலக்க எண்ணைக் கணினியில் தட்டினால் அந்த மாடு யாருடையது, எப்போது கோமாரித் தடுப்பூசி போட்டது என்பதெல்லாம் வந்துவிடும்.

இந்த ஊர்களில் மனிதரோடு வாழும் பிராணிகளில் அடையாளமே இல்லாதது பூனைதான். பருப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கியிலும், நூல் கட்டு வைத்திருக்கும் தறிக்காரர் வீட்டிலும் எலிக்குக் காவலாக அது இருக்கும். யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் தெருவில் மூன்று பேர் மூன்று பெயர் சொல்வார்கள். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பது ஊர் வழக்கு. பிறந்த குட்டியைப் பிடரியில் கவ்வி, பரணிலிருந்து வைக்கோல் போருக்கும், அங்கிருந்து பக்கத்து வீட்டு விறகு அடுக்குக்கும் தாய் கொண்டுபோகும்.

தாய் கவ்வும் அதே பிடரித் தோலுக்கு அடியில்தான் மைக்ரோசிப்பும் போகிறது. மதுரையில் விலை கொடுத்து வாங்கிய பெர்ஷியன் குட்டியோடு கால்நடை மருத்துவரிடம் வருகிறவர்கள் இப்போது இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். சென்னையில் நாய்களுக்குக் கட்டாயம் ஆக்கிவிட்டார்களே, பூனைக்கும் வருமா? ஒரு கிலோகூட இல்லாத குட்டி அந்த ஊசியைத் தாங்குமா? உள்ளே கிடக்கிற பொருளால் பின்னாளில் புற்றுநோய் வருமா? உலகில் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் தகவல்களை வைத்து இவற்றுக்குப் பதில் தேடலாம்.

தீக்குச்சியில் கால்வாசி

மைக்ரோசிப்பை அரிசி மணி அளவு என்று எல்லோரும் வர்ணிப்பார்கள். உண்மையில் அது அரிசியைவிடப் பெரியது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் விருதுநகர் மாவட்டத்தில் சரியான அளவைச் சொல்வது எளிது: ஒரு தீக்குச்சியை நான்காக ஒடித்தால் வரும் துண்டு. வழக்கமான சிப் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். 8 மில்லிமீட்டர் நீளமும் 1.4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட சிறிய வகையும் கிடைக்கிறது. உடம்பு ஒதுக்காத ஒருவகைக் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு செப்புக் கம்பிச் சுருளும் ஒரு மின்னணுச் சில்லும் இருக்கும். பேட்டரி கிடையாது. ரீடர் என்ற கருவியை அருகில் கொண்டுபோனால் அதிலிருந்து வரும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் சுருள் விழித்துக்கொண்டு 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். ரீடர் விலகியதும் மறுபடி உறங்கிவிடும்.

பேட்டரி இல்லாததால் சிப் சூடாவதில்லை. நாள் முழுக்கக் கதிர்வீச்சு வெளியிடுவதும் இல்லை. பூனை எங்கே போனது என்று செல்போனில் காட்டவும் அதனால் முடியாது. சிப் போட்டால் பூனையைத் தேடிப் பிடித்துவிடலாம் என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது பூனையைப் பிடித்து, ரீடர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அது வாய் திறக்கும்.

பயப்பட வைப்பது ஊசி. தடுப்பூசி போடும் ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். வழக்கமான சிப் போடும் ஊசி ஏறக்குறைய இரண்டேமுக்கால் மில்லிமீட்டர். கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்குவதில் நியாயம் உண்டு. ஆனாலும் பூனையின் பிடரித் தோல் தளர்வானது. அதைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் செலுத்தும்போது ஒரு கத்தலோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. சிறிய சிப்புக்கான ஊசி இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. எட்டு வாரக் குட்டிக்கு அதுவே பொருத்தம்.

நாற்பது லட்சத்தில் 391

பிரிட்டனின் சிறு பிராணி மருத்துவர் சங்கம் 1996 முதல் மைக்ரோசிப்பின் பக்கவிளைவுகளுக்கென ஓர் ஏடு வைத்துப் பதிந்துவந்தது. நாற்பது லட்சத்துக்கும் அதிகமான பிராணிகளுக்குச் சிப் போட்ட காலத்தில் அந்த ஏட்டில் ஏறியவை 391. தோராயமாகப் பத்தாயிரத்துக்கு ஒன்று. அவற்றிலும் அதிகம் பதிவானது சிப் இடம் மாறியதுதான்: பிடரியில் வைத்தது தோளுக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்துவிடுவது. பிராணிக்கு இதனால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ரீடரைப் பிடிக்கிறவர்தான் உடம்பு முழுக்கத் தேட வேண்டும். சிப் வேலை செய்யாமல் போவது, முடி உதிர்வது, சீழ் பிடிப்பது, வீங்குவது, கட்டி வருவது ஆகியவை அதைவிட மிகக் குறைவு.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. மருத்துவர் மனம் வைத்து எழுதி அனுப்பினால்தான் பதிவாகும் ஏடு அது. எழுதாமல் விட்டவை எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்பதை மூன்று என்றோ ஐந்து என்றோ கூட்டிக்கொண்டாலும், கருத்தடை அறுவைக்குக் கொடுக்கும் மயக்க மருந்தில் உள்ள ஆபத்தை அது எட்டாது.

கரிசல் காட்டுக்கு ஒரு கூடுதல் கவலை, ஈ. மழைக்காலத்தில் ஆட்டின் காதில் சின்னக் காயம் இருந்தாலும் புழு வைத்துவிடும் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். சிப் ஊசியின் துளை இரண்டொரு நாளில் மூடிக்கொள்ளும். அதுவரை குட்டியைக் குளிப்பாட்டாமல், வீட்டுக்குள் வைத்து, பிடரியைத் தினமும் ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும். வேலிமுள்ளில் சிக்கிக் கிழியும் காது வில்லையோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம்.

எலியும் பூனையும்

புற்றுநோய்ப் பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆய்வுக்கூடங்களில் எலிகளை அடையாளம் காண இதே வகைச் சிப்பைப் பயன்படுத்துகிறார்கள். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மரபணு மாற்றிய சுண்டெலிகளில் பத்தில் ஒன்றுக்குச் சிப்பைச் சுற்றிக் கட்டி வளர்ந்திருந்தது. 2006இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வில் 1,260 சுண்டெலிகளில் 4.1 சதவீதத்துக்கு. இந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2007 செப்டம்பரில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டபோது அமெரிக்காவில் செல்லப்பிராணி வளர்ப்போர் கலங்கிப்போனார்கள்.

அந்த எண்களை அப்படியே பூனைக்குப் பொருத்த முடியாது. ஆய்வுக்கூடச் சுண்டெலி எளிதில் கட்டி வரும்படியாகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம். 1999 ஆய்வின் எலிகள் புற்றுநோயைத் தடுக்கும் ஒரு மரபணுவில் பாதியை இழந்தவை. இருபத்தைந்து கிராம் எலிக்குள் 12 மில்லிமீட்டர் கண்ணாடி கிடப்பதும், நான்கு கிலோ பூனைக்குள் கிடப்பதும் ஒன்றல்ல. நேரடிச் சான்று என்ன? கோடிக்கணக்கான நாய்களும் பூனைகளும் சிப்போடு வாழ்கிற உலகில், சிப்பை ஒட்டி வந்த கட்டி என்று மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. பூனைகளில் அப்படி 2008இல் ஒன்று, 2011இல் ஒன்று.

அந்த ஒன்றிரண்டிலும் சிப்தான் காரணம் என்று அறுதியிட முடியாதபடி ஒரு சிக்கல் இருக்கிறது. பூனையின் உடம்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஊசி குத்திய இடத்தில் நீண்ட நாள் அழற்சி இருந்தால் சில பூனைகளுக்கு அங்கே கொடிய சதைக்கட்டி வரும். தடுப்பூசியால் வருவது பத்தாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நெடுங்காலமாகத் தடுப்பூசி போட்டுவந்ததும் அதே பிடரியில்தான். கட்டி வந்தால் பழி எந்த ஊசிக்கு? இதனால்தான் தடுப்பூசியைக் காலின் கீழ்ப்பகுதிக்கு மாற்றச் சொல்லும் வழக்கம் அமெரிக்க மருத்துவர்களிடமிருந்து பரவியது. காலில் கட்டி வந்தால் காலை எடுத்தாவது பூனையைப் பிழைக்க வைக்கலாம்; பிடரியில் வந்தால் அறுவை கடினம். சிப் பிடரியில், தடுப்பூசி காலில் என்று பிரித்து, எதை எங்கே எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி வைப்பது இன்றைக்கு நல்ல மருத்துவம்.

கை தவறினால்

சிப்பின் ஆபத்துகளில் உண்மையிலேயே அஞ்ச வேண்டியது ஒன்றுதான்: போடுகிற கை. பூனைகளுக்கான மருத்துவ இதழ் ஒன்று 2007இல் வெளியிட்ட சம்பவத்தில், சிப் தோலுக்கடியில் நிற்காமல் முதுகெலும்புக் குழாய்க்குள் போய்விட்டது. அந்தப் பூனைக்கு நான்கு கால்களும் பலமிழந்தன. நாய்களிலும் இப்படி நடந்தது உண்டு. பொருளில் கோளாறு இல்லை. பிராணி துள்ளியிருக்கலாம், தோலைப் போதுமான அளவு தூக்காமல் இருந்திருக்கலாம், ஊசி முதுகெலும்புக்கு இணையாகப் போகாமல் செங்குத்தாக இறங்கியிருக்கலாம்.

குட்டிக்கு இந்த ஆபத்து பெரிய பூனையைவிடக் கூடுதல். கழுத்தெலும்புக்கும் தோலுக்கும் நடுவில் சதைப்பற்று கிடையாது. உடம்பு மெலிந்து, வயிற்றில் புழுவோடு, தெள்ளுப்பூச்சி கடித்து இரத்தம் வற்றிய நாட்டுக் குட்டி என்றால் இன்னும் மோசம். எனவே வயதைவிட எடையும் உடல்நிலையும் முக்கியம். எட்டு வாரத்தில் போடலாம் என்பது திடமான குட்டிக்குச் சொன்னது. காய்ச்சலோ கழிச்சலோ இருந்தால் தள்ளிப்போட வேண்டும். அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது: ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்யும்போது மயக்கத்தில் இருக்கும் பூனைக்குப் போட்டுவிடுவது. துள்ளாது, வலி தெரியாது, அதற்குள் கழுத்திலும் சதை பிடித்திருக்கும்.

ஆன்லைனில் சிப்பும் ஊசியும் சேர்த்தே விற்கிறார்கள். வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே போடுவதும், கடைக்காரர் போட்டுத் தருவதும் கூடவே கூடாது என்பதற்கு அந்த 2007 சம்பவம் போதும்.

பட்டையா, சிப்பா

சிப் வேண்டாம், கழுத்தில் மணி கட்டிப் பட்டை போட்டுப் பெயர் எழுதிவிட்டால் போகிறது என்பது பலரின் எண்ணம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா லார்டு குழு இதைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டது. 538 பூனைகளுக்குப் பட்டை மாட்டி ஆறு மாதம் கவனித்தார்கள். கடைசிவரை பட்டையோடு இருந்தவை 391. பதினெட்டுப் பூனைகளுக்குப் பட்டை முன்னங்காலிலோ வாயிலோ சிக்கியது, அல்லது வேறெதிலோ மாட்டிக்கொண்டது. அதே ஆய்வின் முடிவில் 478 பூனைகளின் சிப்பைப் படித்துப் பார்த்தபோது 477 வேலை செய்தன. சீமைக்கருவேல் முள்ளும், கல்கட்டுக் கிணறும், கம்பிவேலியும் உள்ள திருச்சுழி வட்டாரத்தில் அமெரிக்கப் பூனைக்கு நேர்ந்ததைவிடப் பட்டை அதிகமாகவே சிக்கும். பட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், இழுத்தால் தானே விடுபடும் கொக்கி உள்ளதாக இருக்க வேண்டும்.

தொலைந்த பூனை திரும்பி வருமா? அதே குழு 2009இல் 53 பிராணிக் காப்பகங்களின் கணக்கைத் தொகுத்தது. காப்பகத்துக்கு வந்த பூனைகளில் பொதுவாக 1.8 சதவீதமே உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தன; சிப் உள்ளவற்றில் 38.5 சதவீதம். இருபது மடங்கு. ஆனால் சிப் இருந்த பிராணிகளிலும் 58.1 சதவீதத்தின் எண்தான் பதிவேட்டில் ஏறியிருந்தது. உரிமையாளரைப் பிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி எண். ஆஃபர் மாறினால் சிம் மாற்றுவதும், திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பரை எல்லாப் படிவத்திலும் எழுதுவதும் பழக்கமான ஊர்களில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டாயமாக்கிய ஊர்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பூனைக்கும் சிப்பைக் கட்டாயமாக்கியது. அங்கே குட்டிக்கு 12 வாரம் ஆவதற்குள் போட்டுவிட வேண்டும். இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரல் முதலும் பூனைகளுக்கு 2024 ஜூன் 10 முதலும் கட்டாயம். குட்டிக்கு 20 வாரம் முடிவதற்குள் போட வேண்டும், தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். சிங்கப்பூரின் வீட்டுவசதி வாரிய அடுக்ககங்களில் 1989 முதல் பூனையே வளர்க்கக் கூடாது என்று இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை அனுமதி. உரிமமும் மைக்ரோசிப்பும் நிபந்தனை. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுதான் விதி. பூனையோடு ஐரோப்பாவுக்குக் குடிபெயர்கிறவர் முதலில் சிப், அதற்குப் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்ற வரிசையில் போட வேண்டும். வரிசை மாறினால் தடுப்பூசி கணக்கில் வராது.

சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. தனது செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் முகாம் நடத்தியது. நவம்பர் 24 என்று கெடு வைத்து, கூட்டம் தாங்காமல் டிசம்பர் வரை நீட்டித்தது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. விருதுநகர் மாவட்டத்துக்கும் சிப் முற்றிலும் புதிதல்ல. மேற்கே ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்கள், கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுக்காக அதை ஏற்கெனவே அறிந்தவர்கள்.

எண் இருக்கிறது, ஏடு எங்கே?

கறவை மாட்டின் கதையோடு இதை ஒப்பிட்டால் குறை தெரியும். 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தோடு காது வில்லையும் வேகம் பிடித்தது. நரிக்குடியில் போட்ட வில்லையைக் காரியாபட்டியில் படித்தாலும் குஜராத்தில் படித்தாலும் ‘பாரத் பசுதன்’ என்ற ஒரே ஏட்டில் விவரம் கிடைக்கும். செல்லப்பிராணிக்கு அப்படி நாடு முழுவதற்குமான ஒரே பதிவேடு இந்தியாவில் இல்லை. மாநகராட்சி ஒரு ஏடு வைத்திருக்கிறது. கென்னல் கிளப் ஒன்று. சிப் விற்கும் நிறுவனங்கள் தனித்தனி ஏடு. இந்தியாவின் 356 என்ற குறியீட்டில் தொடங்கும் எண்ணும் உண்டு, தயாரிப்பாளர் குறியீட்டில் தொடங்கும் எண்ணும் உண்டு. அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பூனையைப் பிடித்து, அதிர்ஷ்டவசமாக ரீடரும் கிடைத்து, 15 இலக்கமும் திரையில் வந்த பிறகும், அதை எந்த ஏட்டில் தேடுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

ஆகவே தீர்ப்பை இரண்டாகத்தான் சொல்ல முடியும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, திடமான குட்டிக்குப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் போடும் மைக்ரோசிப் பாதுகாப்பானது. புற்றுநோய்ப் பயத்துக்கு எலி அளவுக்குத்தான் ஆதாரம், பூனை அளவுக்கு இல்லை. பயனைப் பொறுத்தவரை, இன்றைய கரிசல் ஊர்களில் அது வீட்டுக்குள் வளரும் விலையுயர்ந்த பூனைக்கும், வெளிநாடு போகும் பூனைக்கும் உதவும். கிட்டங்கிப் பூனைக்கும் தெருப் பூனைக்கும் முதலில் வேண்டியது வேறு: குட்டிகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும் பார்வோ வகைக் கழிச்சல் நோய்க்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை. கருத்தடை முடிந்த தெருநாயின் காதில் போடும் சின்ன வெட்டு, கீதாரி ஆட்டுக்குப் போட்ட அதே வெட்டுதான். பூனைக்கும் அந்த அடையாளம் போதும். படிக்க ரீடர் வேண்டியதில்லை.

போடுவது என்று முடிவு செய்தவர்கள் நான்கு காரியம் செய்யலாம். பொட்டலத்தில் இருக்கும்போதே சிப்பை ரீடரில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் குட்டியின் பிடரியில் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணின் ஒட்டுச்சீட்டைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, எந்த ஏட்டில் பதிவு செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன் நம்பர் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போது சிப் இடம் மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வதும் நல்லது.

சென்னையின் கட்டாயம் மாவட்டங்களுக்கும் வரும் நாள் தொலைவில் இல்லாமல் இருக்கலாம். அபராதத் தொகையை அறிவிப்பதற்கு முன்பு, அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று ஒன்றியத்துக்கு ஒரு கால்நடை மருந்தகத்திலாவது ரீடரை வைத்துவிட்டு, மாட்டுக்கு இருப்பதைப் போலவே நாய்க்கும் பூனைக்கும் ஒரே ஏட்டைத் திறக்க வேண்டும். ஊசி போடுவது அதற்கு அடுத்த வேலை.